காலிபரில் பெரிய எழுத்தைச் சின்னதாக்கிய ஆறு வருஷம்

திருமங்கலத்து நண்பன் நேற்று போன் பண்ணி, மின்னூலில் எழுத்துத் திருத்த காலிபர் (மின்னூல்களை அடுக்கி வைக்கவும் திருத்தவும் உதவும் கம்ப்யூட்டர் மென்பொருள்) போதுமா, காசு கொடுத்து வேறு ஏதாவது வாங்கணுமா என்று கேட்டான். போனில் பாதிதான் சொன்னேன், மீதி இங்கே.

நான் அதை வைத்திருப்பதே அப்பாவுக்காகத்தான். பார்வை மங்கிய பிறகு இங்கிலீஷ் நாவல்களை போன்தான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறது. செல்லூர் வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கூப்பிட்டு, "ஏப்பா, குதிரைவண்டிக் காலத்துக் கதையில ஐ.டி. எங்கருந்துப்பா வந்துச்சு?" என்றார். திறந்து பார்த்தால், அத்தியாயம் தொடங்கும் 'இட் வாஸ்' முழுக்கப் பெரிய எழுத்து, அதாவது கேப்பிடல்; 'இட்' என்பதை போன் 'ஐ.டி.' என்று வாசித்திருக்கிறது. அச்சில் முதல் சில சொற்களை அப்படிப் போடுவது வழக்கம்தான். மின்னூலில் அதை ஸ்டைல் ஷீட்டில் (எழுத்து எப்படித் தெரியணும் என்று சொல்லும் கோப்பு) ஒரு வரியாக எழுதியிருந்தால் பார்வைக்கும் அப்படியே இருக்கும், உள்ளே எழுத்தும் கெட்டிருக்காது.

காலிபரில் புத்தகத்தின் மேல் நின்று 'டி' விசையை அழுத்தினால் எடிட்டர் திறக்கும் (நகலெடுக்க முடியாதபடி விற்பவர்கள் பூட்டுப் போட்ட புத்தகம் திறக்காது). தேடும் முறையை ரெஜெக்ஸ்-ஃபங்ஷன் (ஒரு மாதிரிக்குப் பொருந்தும் எழுத்தைத் தேடிச் சின்ன நிரலால் மாற்றுவது) என்று மாற்றி, சின்ன எழுத்தாக்கும் ஃபங்ஷனைக் கொடுத்தால் முழுப் புத்தகமும் ஒரு நிமிஷ வேலை. அருமையான சாமான், இலவசம் வேறு. ஒன்று மட்டும் கவனம்: அதே ஃபங்ஷனில் டேக்குகளை (வாசகத்துக்கு நடுவே வடிவத்தையும் படத்தையும் குறிக்கும் குறியீடுகள்) தொடாத வகை தனியாக இருக்கும், அதைத்தான் எடுக்கணும். முதல் தடவை தெரியாமல் மற்றதைப் போட்டு, படக் கோப்புகளின் பெயரும் சின்ன எழுத்தாகி, பதினோரு படம் காணாமல் போச்சு.

அதெல்லாம் பழகிவிடும். இன்றுவரை ஆறாத எரிச்சல் ஆட்பெயர், ஊர்ப்பெயர்தான். மொத்தமும் பெரிய எழுத்தாக இருந்த வரியைச் சின்னதாக்கினால் லண்டனும் சின்னது, மேரியும் சின்னது. 'வில்' என்பது ஆளா, வெறும் வினையா? 'மே' மாதமா? நமக்குத் தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. அங்கே எல்லாவற்றையும் பெரிதாக அடித்த அன்றைக்கே அந்த வித்தியாசம் செத்துப்போச்சு, ஃபங்ஷனுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகப் படித்துத்தான் மாற்றணும். போன வாரம் வாங்கியதில் 62 அத்தியாயம், ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் உட்கார்ந்தேன், இத்தனைக்கும் முழு விலை கொடுத்து வாங்கிய புத்தகம்.

காலிபர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நண்பனுக்குச் சொல்வது இதுதான்: திருத்த உட்காராதே, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துக் காசைக் கேள். அப்பா அடுத்த நாவல் எப்போது என்று கேட்டுக்கொண்டிருப்பதால் நான் இன்று ராத்திரியும் உட்காரணும்.