‘ஸ்பெஷல் எம்ஆர்ஐ’ என்று சொன்னால் நம்பாதீர்கள், எனக்கு ரூ.18,500 போச்சு

இன்று மதியம்தான் அந்த ஸ்கேன் சென்டரில் சண்டை போட்டுவிட்டு வந்தேன். பெயர் போட மாட்டேன், அப்புறம் வக்கீல் நோட்டீஸ் என்று கிளம்புவார்கள். கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, வாசலில் பிள்ளையார், ஆன்லைனில் பேக்கேஜ் விற்கிற வகை. ஏமாறாமல் இருக்க என்ன செய்யணும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 2009-ல் வலது இடுப்பு மூட்டு மாற்றினார்கள். பந்து, கிண்ணம் இரண்டுமே உலோகம். ரொம்ப நாள் உழைக்கும் என்றார்கள். ஆறு மாதமாகத் தொடை இடுக்கில் வலி. ஆட்டோ பள்ளத்தில் இறங்கினால் முனகுகிறாள், மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட நம்ம ஊரில் எந்த ரோட்டில் பள்ளம் இல்லை? இப்போது இடுப்புக்கு முன்னால் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் வேறு. எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

எலும்பு டாக்டர் பொறுமையாக விளக்கினார். உலோகமும் உலோகமும் உரசி உதிர்கிற துகளும், அதிலிருந்து கரையும் கோபால்ட், குரோமியமும் சுற்றியுள்ள தசையைக் கெடுக்கலாமாம். நீர் கோத்துக் கட்டி போல வீங்கினால் ‘சூடோட்யூமர்’ என்பார்கள், புற்றுநோய் இல்லை. எக்ஸ்ரேயில் இது தெரியாமலே போகலாம். சாதாரண எம்ஆர்ஐயில் உள்ளே இருக்கும் உலோகம் படத்தைக் கெடுத்துக் கருப்பாக்கிவிடும். அதனால் அந்த உலோக நிழலைக் குறைத்து எடுக்கிற எம்ஆர்ஐ வேண்டும், ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவும் வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த எம்ஆர்ஐக்கு ‘மார்ஸ்’ என்று பெயராம், அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

நாலு இடத்துக்கு போன் போட்டேன். மூன்று இடத்தில் ‘மார்ஸா, அது என்ன மேடம்?’ நாலாவதுதான் இவர்கள். அந்தப் பெண் எடுத்ததுமே, ‘மெட்டல் ஆன் மெட்டலா மேடம், இல்ல கிண்ணம் பிளாஸ்டிக்கா?’ என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். இவ்வளவு தெரிந்த இடம் தப்பு செய்யுமா? ஸ்கேனும் ரத்தமும் சேர்த்து ரூ.18,500, முழுப் பணமும் முன்னாலேயே கட்டணும் என்றாள். போனிலேயே அனுப்பினேன்.

ஃபிலிம் வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது இடுப்பு அழகாகத் தெரிந்தது. வலது பக்கம் மூட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருப்பு ஓட்டை, ஓரமெல்லாம் தீய்ந்த தோசை மாதிரி சுருண்டு. ரிப்போர்ட்டில் ஒரே வரி: உலோக நிழலால் வலது இடுப்பை மதிப்பிட இயலவில்லை. இதைச் சொல்லவா பதினெட்டாயிரத்து ஐந்நூறு?

டாக்டர் பார்த்ததுமே தலையில் கை வைத்தார். ‘இது சாதாரண எம்ஆர்ஐம்மா.’ ரத்தமும் அதே கதைதான். இந்த டெஸ்டுக்கு உலோகக் கலப்பு இல்லாத தனி டியூப் உண்டாம், கருநீல மூடி போட்டது. இவர்கள் எடுத்தது சாதாரண சிவப்பு மூடியில், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சாம்பிள் செல்லாது என்று லேப் திருப்பிவிட்டது. அதைக்கூட நானாகக் கேட்டபோதுதான் சொன்னார்கள்.

முதல் நாள் போனால் ‘மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார்’. இரண்டாம் நாள் ‘ரேடியாலஜிஸ்ட் கையெழுத்துப் போட்டாச்சு, இனி எங்க கையில இல்ல’. இன்றைக்கு, ‘உள்ள மெட்டல் இருந்தா அப்படித்தான் மேடம் வரும்’. மெட்டல் இருப்பதால்தானே வந்தேன்! ரூ.18,500-ஐத் திருப்பிக் கேட்டால் அடுத்த ஸ்கேனுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். நல்லா இருக்கு நியாயம்.

பணத்தைவிடப் பன்னிரண்டு நாள் வீணானதுதான் எரிகிறது. கிருமி தொற்றியிருந்தாலும் இதே வலி, இதே வீக்கம் வரும். அது இல்லை என்று முதலில் உறுதி செய்யணும். ரத்தத்தில் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்று அழற்சியைக் காட்டும் டெஸ்ட் பார்த்து, மூட்டிலிருந்து நீரும் எடுத்துப் பார்க்கணும். உலோகத்தால் கெட்டிருந்தாலும் அந்த நீர் சீழ் மாதிரியே கலங்கி இருக்கலாம், ஆனால் அதில் கிருமி இருக்காது. அந்த நீரில் இருக்கும் வெள்ளை அணுக்களை மெஷினில் எண்ணினால் உலோகத் துகள் குப்பையால் கணக்கு தப்பலாம், அதனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கையால் எண்ணச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், அம்மா கூப்பிடுகிறாள், சீக்கிரம் முடிக்கிறேன். உலோக நிழல் குறைக்கும் முறையில்தான் எடுப்போம் என்று எழுதி வாங்காமல் பணம் கட்டாதீர்கள். ரத்தம் எடுக்கும் முன் டியூப் மூடியைப் பாருங்கள். கோபால்ட் குறைவாக வந்தாலும் டாக்டரிடம் காட்டாமல் நிம்மதி ஆகாதீர்கள், அந்த அளவை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாதாம். ஆபரேஷன் ஃபைலில் ஒட்டியிருக்கும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரைத் தொலைக்காதீர்கள். 2010 ஆகஸ்டில் இந்த ரகத்தில் ஒரு மாடலையே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவுடையது அது இல்லை என்பதே ரேஷன் கார்டோடு பிஸ்கட் டப்பாவில் கிடந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் தெரிந்தது. ரசீதை வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் கொடுத்தாச்சு.

நாளைக் காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரியில் நீர் எடுக்கிறார்கள். ரத்தமும் மறுபடி குத்தணும். ‘இந்தக் கையில எடுக்கச் சொல்லுடி, அந்தக் கை இன்னும் நீலமா இருக்கு’ என்கிறாள் அம்மா.