லிஸ்ட் விலையா, விற்ற விலையா, வங்கி சொன்ன தொகையா: ரொறன்ரோவில் ஓஃபர் எழுதுமுன்

ஸ்காபரோவில், ஃபிஞ்ச் வீதிக்கு அண்மையில் ஒரு செமி, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. விளம்பரத்தில் கேட்ட லிஸ்ட் விலை 799,000 டொலர். வாங்க வருபவர்கள் எழுதிக் கொடுக்கும் ஓஃபர்களைப் புதன் இரவு 7 மணிக்குப் பார்ப்பார்கள் என்று அறிவித்திருந்தார்கள். சனிக்கிழமை தங்கச்சி குடும்பத்தோடு நானும் பார்க்கப் போனேன். வாசலில் இருபது சோடிக்குக் குறையாத சப்பாத்து. மேலே அறைகளுக்குள் ஆட்கள் ஒருவரை ஒருவர் விலத்தி நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணியோடு இருந்து கதைத்தபோது மேசையில் மூன்று விலைகள் வந்தன. மச்சானின் அப்பா, "799 கேட்டவைக்கு 820 குடுத்தால் காணும்" என்றார். மச்சான், வங்கி பத்து லட்சத்துக்கு மேல் வாங்கலாம் என்று கடிதம் தந்திருக்கிறது, தேவையென்றால் அதுவரை போவோம் என்றார். ஏஜென்ட் அனுப்பியிருந்த விற்பனைப் பட்டியலோ 915,000க்கும் 945,000க்கும் இடையில் நின்றது.

மச்சானின் அப்பாவின் கணக்கு, விற்பவர் கேட்பதுதான் அவர் எதிர்பார்ப்பது என்று வைத்துக்கொள்கிறது. மற்ற இடங்களில் அது சரி. ரொறன்ரோவில் ஓஃபர் நாள் வைத்து விற்கும் வீட்டின் லிஸ்ட் விலை ஆட்களைக் கூட்டுவதற்காகப் போட்டது. அந்தத் தெருவில் எதுவுமே 799க்கு விற்கவில்லை. 820 எழுதினால் ஏஜென்டின் நேரமும் நம்முடைய ஒரு கிழமையும்தான் போகும்.

மச்சானின் கணக்கு இதைவிட ஆபத்தானது. வங்கியின் முன் அங்கீகாரம் நம் வருமானத்தைப் பார்த்துத் தருவது. நாம் கட்டப்போகும் வட்டியோடு 2 வீதம் கூட்டியது, அல்லது 5.25 வீதம், இரண்டில் எது கூடவோ அதில் கட்ட முடியுமா என்று சோதித்துவிட்டு ஒரு தொகை சொல்கிறார்கள். அந்த வீடு என்ன பெறும் என்பதைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. வீட்டைப் பார்த்துப் பெறுமதி போட வங்கி பின்னர்தான் ஆள் அனுப்பும்.

மிஞ்சுவது விற்ற விலை. முன்பு இதை ஏஜென்ட் சொல்லித்தான் அறிய முடியும். விற்ற விலைகளை இணையத்தில் காட்ட விடாமல் ரொறன்ரோ வீட்டு விற்பனைச் சபை நடத்திய வழக்கில் அதன் மேன்முறையீட்டை 2018 ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் எடுக்க மறுத்த பிறகு, ஹவுஸ்சிக்மா போன்ற தளங்களில் யாரும் பார்க்கலாம். பார்க்கும்போது வடிவாகப் பார்க்க வேண்டும். கடைசி மூன்று மாதம், அதே வகை வீடு, அதே பள்ளிக்கூட எல்லை. பேஸ்மென்டுக்குத் தனிவாசல் உள்ள வீட்டையும் இல்லாத வீட்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் வாடகையை எண்ணி வாங்குவதால் அந்த ஒரு கதவுக்கே விலை உண்டு. இப்படி வடித்து எடுத்தபோது மூன்று வீடுகள் மிஞ்சின: 915,000, 928,000, 945,000.

இனி உச்சவரம்பு. நான் தங்கச்சிக்குச் சொன்னது இதுதான்: வங்கியின் ஆள் மூன்றில் ஆகக் குறைந்த விலையைப் பெறுமதியாகப் போட்டாலும் வீட்டை எடுக்கக் கையில் காசு இருக்க வேண்டும். அவர்களிடம் இருந்தது 225,000. 930,000க்கு வாங்கினால் 20 வீத முற்பணம் 186,000. ரொறன்ரோ நகரத்துக்குள் என்பதால் மாகாணத்துக்கு 15,075, நகரத்துக்கு இன்னொரு 15,075 காணி மாற்ற வரி. முதல் வீடு என்பதால் 8,475 கழிந்து 21,675. சட்டத்தரணி, வீடு மாறும் செலவு என்று 5,000. வங்கி 915,000 என்று பெறுமதி போட்டால், 930,000இன் 80 வீதமான 744,000 தரவேண்டிய இடத்தில் 915,000இன் 80 வீதமான 732,000தான் தரும். அந்த 12,000ஐயும் நாமே போட வேண்டும். கூட்டினால் 224,675. கையிலிருக்கும் காசு மட்டுமட்டாக முடிகிறது. ஆகவே 930,000. தங்கச்சி அதைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

இவ்வளவு கவனம் ஏன் என்று கேட்பவர்கள் 2022ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தின் சராசரி விலை 1.33 மில்லியனைத் தொட்டது. மார்ச்சில் கனடா மத்திய வங்கி 0.25 வீதத்தில் இருந்த வட்டியை ஏற்றத் தொடங்கி, ஜூலைக்குள் 2.5க்குக் கொண்டுவந்தது. பெப்ரவரியில் நிபந்தனை இல்லாமல், அதாவது கடன் சரிவராவிட்டாலும் பின்வாங்க இடமில்லாமல், கையெழுத்து வைத்துக் கோடையில் க்ளோசிங் (வீடு கைமாறும் நாள்) வைத்தவர்களுக்கு வங்கிப் பெறுமதி வாங்கிய விலையைவிடக் குறைந்து வந்தது. காசு பிரட்ட முடியாதவர்கள் டெபாசிட்டை இழந்தார்கள். விற்பவர் வேறு ஆளுக்குக் குறைவாக விற்றால், அந்த வித்தியாசத்துக்கும் வழக்குப் போடலாம்.

தொகை முடிவானால், அதை எந்த வழியில் கொடுப்பது? ஓஃபர் நாளுக்கு முதலே போய் அடிக்கும் புல்லி ஓஃபர் ஒரு வழி. சில மணி நேரத்தில் பதில் கேட்கலாம், போட்டி குறையும். ஆனால் விற்பவரைக் காத்திருக்க விடாமல் பண்ண விற்ற விலைகளின் உச்சத்துக்கும் மேலே கொடுக்க வேண்டியிருக்கும். எங்கள் 930 அதற்குப் போதாது.

ஓஃபர் இரவில் நிபந்தனை இல்லாமல் கொடுப்பது மற்ற வழி. எத்தனை ஓஃபர் என்று மட்டும் சொல்வார்கள், மற்றவர்களின் தொகை தெரியாது. 2023 டிசம்பர் 1 முதல் ஒன்ராறியோவில் விற்பவர் விரும்பினால் தொகைகளைத் திறந்து காட்டலாம். விரும்பாவிட்டால் பழைய இருட்டுத்தான். இதில் இறங்குவதானால் ஓஃபருக்கு முதலே சில நூறு டொலர் கொடுத்து வீட்டைப் பரிசோதிக்க வைப்பதை நான் விடமாட்டேன். வீடு கிடைக்காவிட்டால் அந்தக் காசு போய்விடும். ஆனாலும் அறுபதுகளின் கடைசியிலிருந்து எழுபதுகளின் நடுப்பகுதி வரை கட்டிய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கலாம், காப்புறுதி நிறுவனம் அதற்கு முகம் சுளிக்கும். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து சுமார் 2007 வரை கட்டியவற்றில் சுடுதண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் செம்மஞ்சளும் நீலமுமாகக் குழாய்கள் தெரிந்தால், அது கிடெக் என்ற, வெடித்துக் கசியக்கூடிய பிளாஸ்டிக் குழாயாக இருக்கலாம்; மாற்ற ஆயிரக்கணக்கில் போகும்.

கடன், பரிசோதனை இரண்டையும் நிபந்தனையாக வைத்துக் கொடுப்பது மூன்றாவது வழி. ஏழெட்டுப் பேர் நிற்கும் இரவில் இதை எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஓஃபர் நாள் இல்லாமல் மூன்று நாலு கிழமை கிடக்கும் வீட்டில் இதுதான் என் தெரிவு. வங்கிப் பெறுமதி வந்த பிறகு பின்வாங்கும் உரிமை கையில் இருக்கும்.

இன்னொன்று: ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ஸ்காபரோ, வடக்கே மார்க்கம். மார்க்கத்தில் நகர வரி இல்லை. முதல் வீடு வாங்குபவருக்கு 930,000 வீட்டில் வரி 11,075 மட்டும். எனவே ரோட்டைக் கடந்தால் 10,600 டொலர் மிஞ்சும். வடக்கே அதே மாதிரி வீட்டுக்கு ஓஃபர் எழுதும்போது இந்தக் காசையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கலாம்.

புதன் இரவு ஓஃபர் 930,000க்குப் போனது, 46,500 டெபாசிட்டுக்கு வங்கி டிராஃப்டும் ஆயத்தமாக இருந்தது. எட்டரைக்கு ஏஜென்ட் தங்கச்சிக்கு ஃபோன் எடுத்தார். "அக்கா, ஏழு ஓஃபர். எல்லாரையும் திருத்தச் சொல்லியிருக்கினம். ஏத்திறதெண்டா இப்பதான்." தங்கச்சி ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். மச்சான் ஃபோனை வாங்கி, "இல்லை தம்பி, அதுதான் எங்கட விலை" என்றார். வீடு 968,000க்குப் போனது. அன்றிரவு அவள் அழுதாள். அந்தச் சமையலறை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஆறு கிழமை கழித்து அதே வட்டாரத்தில் 929,000க்கு லிஸ்டாகி 26 நாள் கிடந்த ஒரு செமிக்கு, இரண்டு நிபந்தனையோடு 895,000 எழுதினோம். 908,000இல் ஒத்துக்கொண்டார்கள். பரிசோதகர் சுவர்ப் பிளக் ஒன்றின் மூடியைக் கழற்றி, உள்ளே செம்புக்குப் பதிலாக வெள்ளி நிறத்தில் தெரிந்த வயரைக் காட்டினார். அதற்காக விற்பவர் 9,000 குறைத்தார். வங்கிப் பெறுமதி 905,000 என்று வந்தது. அவர்கள் கையெழுத்து வைத்தது 899,000க்கு.