சோப்ரானோஸ் முடித்த கையோடு 'மெனி செயின்ட்ஸ் ஆஃப் நியூவார்க்' பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் அதற்கு முன் மூன்று அத்தியாயங்களைத் திரும்பப் பார்த்துவிட வேண்டும்.

1999 முதல் 2007 வரை அமெரிக்காவின் எச்பிஓ சேனலில் வந்த 'தி சோப்ரானோஸ்', நியூஜெர்சி மாஃபியா தலைவன் டோனி சோப்ரானோவின் கதை. மொத்தம் 86 அத்தியாயங்கள். திரை சட்டென்று கறுத்து முடிந்தபோது கேபிள் போய்விட்டது என்று பதறியவர்கள் ஏராளம். டோனியாக வாழ்ந்த ஜேம்ஸ் கேண்டோல்பினி 2013இல் மறைந்துவிட்டதால், கதையைப் பின்னோக்கித்தான் நகர்த்த முடிந்தது. அப்படி 2021 அக்டோபரில் வந்தது இந்த முன்கதைப் படம். எழுதியவர்கள் டேவிட் சேஸ், லாரன்ஸ் கானர். இயக்கம் ஆலன் டெய்லர்.

டோனி எப்படி உருவானான் என்று சொல்லும் படம் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். பலருடைய ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. இது, தொடரில் டோனியின் உறவுக்காரனாகவும் சீடனாகவும் வரும் கிறிஸ்டபரின் அப்பா டிக்கி மோல்டிசாண்டியின் கதை. தலைப்பே அதைச் சொல்கிறது: 'மோல்டி சாண்டி' என்றால் இத்தாலியில் 'பல புனிதர்கள்'.

பார்க்க வேண்டிய மூன்றில் முதலாவது, சீசன் 1இன் 7ஆம் அத்தியாயம். சிறுவன் டோனியின் கண்முன்னே பூங்காவில் அப்பா கைதாவது அதில்தான். அடுத்தது சீசன் 4இன் முதல் அத்தியாயம்: ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரரைக் காட்டி, "உங்கப்பனைக் கொன்றவன் இவன்தான்" என்று கிறிஸ்டபரிடம் டோனி சொல்கிறான். அது மனதில் நின்றால்தான் படத்தின் முடிவு சுருக்கென்று தைக்கும். மூன்றாவது, சீசன் 6இன் 13ஆம் அத்தியாயம். அம்மாவின் கொண்டையைத் துளைத்துக்கொண்டு போன துப்பாக்கிக் குண்டைப் பற்றி டோனியின் அக்கா ஜானிஸ் சொல்வாள். படத்தில் அது காட்சியாகவே வருகிறது.

படத்தின் உச்சம் வீட்டுக்குள்தான். பள்ளி ஆலோசகர் டோனியைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு அவன் அம்மா லிவியா ஒரு நொடி இளகுகிறாள். அம்மாவுக்கு மனச்சோர்வு மாத்திரை வாங்கித்தர மகன் அலைகிறான். பிற்காலத்தில் மனநல மருத்துவர் மெல்ஃபியின் அறையில் உட்காரப்போகிறவன் இவன் என்று தெரிந்து பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. லிவியாவாக வரும் வேரா ஃபார்மிகாவும், டோனியாக வரும் ஜேம்ஸின் மகன் மைக்கேல் கேண்டோல்பினியும் யாரையும் நகலெடுக்கவில்லை. தொடரில் டோனியின் கூட்டாளிகளான சில்வியோவும் பாலியும்தான் இங்கே மிமிக்ரியாகத் தேங்கிவிடுகிறார்கள்.

பெரிய குறை நேரம். 1967 நியூவார்க் இனக் கலவரம், டிக்கியிடம் வேலை பார்த்த கறுப்பினத்தவன் ஹரால்ட் மெக்பிரேயர் தனக்கென்று ஒரு கூட்டம் சேர்ப்பது, டிக்கியின் குற்ற உணர்ச்சி என்று எல்லாவற்றையும் 2 மணி நேரத்துக்குள் திணித்திருக்கிறார்கள். தொடரில் இதற்கு 13 அத்தியாயங்கள் கிடைத்திருக்கும். ஹரால்டின் கதை சூடுபிடிக்கும் நேரத்தில் கைவிடப்படுகிறது. அந்தப் பாத்திரத்துக்கு இது அநியாயம்.

அடுத்து ஏதாவது எடுத்தால் அது இன்னொரு படமாக இருக்கக் கூடாது, ஆறேழு அத்தியாயக் குறுந்தொடராக இருக்க வேண்டும். விதைகளைத் தொடரே போட்டு வைத்திருக்கிறது. டோனியும் நண்பன் ஜாக்கி ஏப்ரிலும் மூத்த மாஃபியாக்காரன் ஃபீச் லா மன்னாவின் சீட்டாட்டத்தைக் கொள்ளையடித்துப் பெயர் வாங்கியது ஒன்று. 1982இல் வில்லி ஓவரால் என்பவனைக் கொன்றது, அதாவது டோனியின் முதல் கொலை, மற்றொன்று. படம் டோனியைப் பதின்வயதில் விட்டுப் போகிறது. அதற்குப் பிறகான வருடங்கள் அப்படியே காலியாகக் கிடக்கின்றன.

காலவரிசைப்படி முன்கதையிலிருந்தே தொடங்கலாமே என்று புதியவர்களுக்குத் தோன்றும். வேண்டவே வேண்டாம். படம் ஆரம்பித்ததுமே கல்லறையிலிருந்து ஒலிக்கும் ஒரு குரல், சீசன் 6இன் மிகப்பெரிய மரணத்தைப் போட்டு உடைத்துவிடும்.