அசையாத ஸ்விட்சுக்கு நாடி பார்க்கும் யூஎஸ்பி-சி மீட்டர்

நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல் ஒருநாள் திடீரென்று படுத்துவிட்டால், பலரும் முதலில் புது சார்ஜர் வாங்குகிறார்கள், அடுத்து பேட்டரி மாற்றுகிறார்கள், கடைசியில்தான் பழுது பார்க்கும் கடைக்குப் போகிறார்கள். 20 சிங்கப்பூர் வெள்ளியை ஒட்டி விற்கும் யூஎஸ்பி-சி மீட்டர் இந்த வீண்செலவில் பாதியைத் தடுத்துவிடும். சார்ஜருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

இரண்டு பக்கமும் டைப்-சி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்: ஒரு பக்கம் குழி, மறுபக்கம் செருகும் முனை. நின்டெண்டோ சார்ஜரின் கம்பியைத் தனியாகக் கழற்ற முடியாது என்பதால் வேறு வகை பொருந்தாது. பழைய டைப்-ஏ மீட்டர் மலிவுதான், ஆனால் சார்ஜரும் கன்சோலும் எத்தனை வோல்ட் என்று பேசி முடிவெடுக்கும் சிசி இணைப்பு அதில் இல்லை. 20 வோல்ட், 5 ஆம்பியர் தாங்கினால் போதும். சிம் லிம் ஸ்கொயர் கடைத்தொகுதியில் கிடைக்காவிட்டால், மின்னணு உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன சிம் லிம் டவர் பக்கத்திலேயே இருக்கிறது.

மீட்டரை எடுக்கும் முன் செலவில்லாத இரண்டு வேலைகள். பவர் பட்டனை 12 விநாடி அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி ஒருமுறை அழுத்துங்கள். உறைந்துபோன ஸ்விட்ச் பெரும்பாலும் இதிலேயே எழுந்துவிடும். அடுத்து, சார்ஜரைச் சுவரிலிருந்தும் கன்சோலிலிருந்தும் கழற்றி 30 விநாடி விட்டுவிட்டு, டாக் (டிவியோடு இணைக்கும் தாங்கி) இல்லாமல் நேரடியாக மாட்டுங்கள்.

அப்போதும் அசையவில்லை என்றால் மீட்டர். சார்ஜரை மட்டும் மாட்டி, மீட்டர் எரியவில்லை என்பதால் சார்ஜர் போய்விட்டதாக நினைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. டைப்-சியில் மறுமுனையில் ஏதாவது இருந்தால்தான் மின்சாரமே வரும். ஒரு கைப்பேசியை மாட்டிப் பாருங்கள். அதிலும் இருட்டு என்றால் சார்ஜர்தான் குற்றவாளி.

முதல் தலைமுறை ஸ்விட்சின் சார்ஜரில் 5 வோல்ட் 1.5 ஆம்பியர், 15 வோல்ட் 2.6 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். நல்ல கன்சோலில் மீட்டர் 5-இல் தொடங்கி 15-க்குத் தாவும். அப்படித் தாவி, ஆம்பியரும் ஓடினால் பேட்டரி வெறும் காலி. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கன்சோலுக்கு அரை மணி நேரமாவது பொறுமை வேண்டும். 15-க்கு ஏறியும் ஆம்பியர் பூஜ்யத்தில் நின்றால், பேட்டரி இணைப்பையோ சார்ஜிங் சிப்பையோ சந்தேகிக்கலாம். அரை மணி கழித்தும் 5 வோல்ட்டிலேயே, 0.4 ஆம்பியர் அளவில் தேங்கி நின்றால் டைப்-சி குழியிலோ, சார்ஜரோடு வோல்ட் பேசும் எம்92டி36 சிப்பிலோ கோளாறு. டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள்: நடுவிலுள்ள மெல்லிய தகடு வளைந்திருக்கிறதா, பச்சையாகப் பூத்திருக்கிறதா? நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டாவது சகஜம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மறுபடி அளக்கலாம். ஊசி மட்டும் வேண்டாம். சிப் மாற்ற ஹாட் ஏர் கருவி தேவை, சமையல் மேசையில் செய்கிற வேலையில்லை. ஆனால் "15 வோல்ட் ஏறவில்லை" என்று கடையில் சொல்லும் வாடிக்கையாளரிடம் தேவையில்லாத பேட்டரியை விற்பது கடினம்.

குறைகளும் உண்டு. மிகக் குறைந்த மின்னோட்டத்தை மலிவு மீட்டர்கள் சரியாகக் காட்டுவதில்லை. நீளமாக இருப்பதால் தொங்கவிட்டால் நெம்புகோல் மாதிரி குழியையே பெயர்த்துவிடும். கன்சோலைத் துணிமேல் படுக்கவைத்து அளப்பது நல்லது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றுக்கு இது உதவாது, அவற்றின் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது மூன்று முள் பிளக்கின் ஃபியூஸ், பிறகு எட்டு வடிவக் கம்பி. பவர் சப்ளை பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் லைனில் வேலை செய்யும் அதன் கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

வீட்டில் டைப்-சி சாதனங்கள் நிறைய இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஒரே ஒரு ஸ்விட்ச்தான் என்றால் நண்பரிடம் இரவல் கேட்டாலே போதும். கடையில் வாங்கி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், திருகாணியில் கை வைக்க வேண்டாம். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டப்படி, அந்தக் காலத்துக்குள் தெரியும் கோளாறு விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும்.