புதிதாக வந்த மங்காவுக்குத் தள்ளுபடி தருகிறோம் என்று கூப்பிட்டால் போகாதீர்கள்

ஜெர்மனியில் இருந்துகொண்டு மாதாமாதம் மங்கா, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ் புத்தகங்கள், வாங்கிச் சேர்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "உங்கள் தொடர்களின் பட்டியலைக் கொடுங்கள். அந்தந்த மாதம் வரும் பாகங்களை ஒரே பார்சலாக அனுப்பிவிடுகிறோம். முதல் பதிப்புக்கு உத்தரவாதம், 12 சதவீதம் தள்ளுபடி. ஆறு மாதப் பணத்தை மட்டும் முன்கூட்டியே கட்டிவிடுங்கள்" என்று ஒரு ஆன்லைன் கடை சொன்னால் தயவுசெய்து விலகிப் போய்விடுங்கள். அப்படி ஒரு கடையில் 300 யூரோவுக்கு மேல் கட்டிவிட்டு, பாதி புத்தகத்தையும் முழுத் தலைவலியையும் வாங்கியிருக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. இந்த நாட்டில் வாயைத் திறந்தால் எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து 'ஆப்மானுங்' என்கிற எச்சரிக்கைக் கடிதம் வந்து நிற்கும், அதற்கு வேறு தண்டம் அழ வேண்டும். பெயர் இல்லாவிட்டாலும் கீழே சொல்லும் அடையாளங்களை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்.

இந்த மாதிரி சந்தா ஏன் இனிக்கிறது என்று சேகரிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே மங்கா போடுகிற பதிப்பகங்களில் கார்ல்சன், டோக்கியோபாப், ஆல்ட்ராவெர்ஸ் மூன்றும் ஹாம்பர்க். எக்மான்ட் பெர்லின். பனினி ஸ்டுட்கார்ட். மங்கா கல்ட் லுட்விக்ஸ்பர்க். ஆளாளுக்கு மாதத்தில் ஒரு தேதி வைத்திருக்கிறார்கள், அந்தத் தேதியும் அடிக்கடி நகரும். ஒரு தொடரில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு பாகம் என்று வந்தாலும், பத்துப் பன்னிரண்டு தொடர்களைப் பின்தொடர்ந்தால் எது எப்போது வருகிறது என்று பார்ப்பதே தனி வேலை. போதாக்குறைக்கு முதல் பதிப்பு மோகம். முதல் அச்சில் மட்டும் உள்ளே ஒரு போஸ்ட்கார்டு, ஸ்டிக்கர் அல்லது 'ஷிகிஷி' என்கிற ஓவிய அட்டை வைத்திருப்பார்கள். சில தொடர்களில் ஒரு குறிப்பிட்ட பாகத்தோடு, முழுத் தொடரையும் அடுக்கி வைக்கிற கெட்டி அட்டைப்பெட்டி, இங்கே 'ஷூபர்' என்பார்களே, அது வரும். கதை மறுபதிப்பில் திரும்ப வந்துவிடும். ஷூபர் பெரும்பாலும் வராது. விட்டால் போச்சு என்ற அந்தப் பயத்தில்தான் இந்தக் கடைக்காரர் கடை விரித்திருக்கிறார்.

முதலில் அந்தத் தள்ளுபடியைப் பார்ப்போம். ஜெர்மனியில் புதுப் புத்தகத்துக்குப் பதிப்பகம் வைத்த விலைதான் விலை. 'பூஹ்ப்ரைஸ்பிண்டுங்' என்கிற இந்த ஏற்பாடு வணிக ஒப்பந்தமாக 1888-லிருந்து இருக்கிறது, 2002-ல் தனிச் சட்டமாகவே வந்தது. பெரிய ஆன்லைன் கடையானாலும் தெருமுனைப் புத்தகக் கடையானாலும் 7.50 யூரோ பாகம் 7.50 யூரோதான். பதிப்பகம் நினைத்தால், முதல் வெளியீட்டுக்கு 18 மாதம் கழித்து அந்த விலைக்கட்டைத் தளர்த்தலாம். பழைய புத்தகத்துக்கும் 'மெங்கல்எக்ஸெம்ப்ளார்' எனப்படும் பழுதுப் பிரதிக்கும் கட்டுப்பாடு கிடையாது. மங்காவும் புத்தகம்தான், அதற்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. ஆக, இந்த மாதம் வந்த பாகத்தை 6.60-க்குத் தருகிறேன் என்கிறவர் ஒன்று சட்டத்தை மீறுகிறார், இல்லாவிட்டால் அவர் தருவது புதுப் பிரதி இல்லை. என் விஷயத்தில் இரண்டுமே நடந்தது.

முதல் பார்சல்களில் ஒரு குறையும் இல்லை. குமிழ் உறை சுற்றி, மூலைகளுக்கு அட்டை வைத்து, போஸ்ட்கார்டு எல்லாம் சரியாக வந்தது. நன்றிக் குறிப்பு வேறு. அப்புறம் பார்சல் மாதக் கடைசியிலிருந்து அடுத்த மாத நடுவுக்கு நகர்ந்தது. கேட்டால் "பதிப்பகம் தேதியைத் தள்ளிவிட்டது" என்று பதில். இதில் சாமர்த்தியம் என்னவென்றால், இது பல நேரம் உண்மையாகவே நடக்கிற விஷயம். 2021-ல் காகிதத் தட்டுப்பாடு வந்தபோது எத்தனை பாகங்களுக்குக் காத்திருந்தோம்! ஆனால் இந்த முறை தள்ளிப்போனதாகச் சொன்ன பாகம் எங்கள் ஊர்ப் புத்தகக் கடையின் மங்கா அலமாரியில் முகம் காட்டி நின்றுகொண்டிருந்தது. பதிப்பகத்தின் தளத்திலும் 'கிடைக்கிறது' என்றே இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "எங்களுக்குச் சப்ளை செய்பவரிடம் இன்னும் வரவில்லை" என்று பேச்சு மாறியது.

அடுத்து வந்த பார்சலில்தான் ஷூபர் பாகம் வரவேண்டும். பாகம் வந்தது, ஷூபர் இல்லை. "நீங்கள் கேட்டது 12-ஆம் பாகம், 12-ஆம் பாகத்தைத்தான் அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். ஷூபரோடு வருகிற பதிப்புக்கும் சாதாரணப் பதிப்புக்கும் தனித்தனி ஐ.எஸ்.பி.என் எண் உண்டு. இவர்கள் பில்லில் தொடரின் பெயரும் பாக எண்ணும் மட்டும்தான் இருந்தன. எந்த ஆன்லைன் கடையிலும் எண் இல்லாத பில்லை நான் அதுவரை பார்த்ததில்லை. ஏன் அப்படிப் போட்டார்கள் என்று அப்போது விளங்கியது.

கடைசிப் பார்சல் இன்னும் கேவலம். புத்தகங்களை அலமாரியில் செருகும்போது இரண்டு பாகங்கள் மட்டும் பக்கத்துப் பாகங்களைவிட ஒரு மில்லிமீட்டர் குள்ளமாக நின்றன. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத் தாள் விளிம்பு சொரசொரவென்று இருக்கிறது. விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது ஒன்றில் மங்கலாக ஊதா மசித் தடம் தெரிந்தது. பழுதுப் பிரதிகளின் விளிம்பில்தான் அந்த முத்திரையைக் குத்துவார்கள். உப்புத்தாள் வைத்துத் தேய்த்து அதை எடுத்திருக்கிறார்கள். உரிமைப் பக்கத்தைப் புரட்டினால் '2. ஆவுஃப்லாக' என்று அப்பட்டமாகவே அச்சாகியிருக்கிறது, அதாவது இரண்டாம் பதிப்பு. போஸ்ட்கார்டு எங்கே என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. பழுதுப் பிரதி மொத்தமாகச் சல்லிசாகக் கிடைக்கும். அதை 6.60-க்கு விற்றால் 12 சதவீதத் தள்ளுபடி யார் பையிலிருந்து வருகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஆரம்பித்த நாடகத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் உங்களுக்கும் உதவுகிற விஷயம் இருக்கிறது. முதலில் "பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது" என்றார்கள். இது சுத்தப் பொய். உறை பிரித்தால் திருப்பும் உரிமை போகும் என்ற விதி பாட்டு, வீடியோ, மென்பொருள் வட்டுகளுக்கும் சுகாதாரப் பொருட்களுக்கும்தான், புத்தகத்துக்கு அல்ல. அப்புறம் "திருப்பித் தருவதற்கான 14 நாள் முடிந்துவிட்டது" என்றார்கள். தொடர்ந்து அனுப்புகிற சந்தாவில் அந்த 14 நாள் முதல் பார்சல் கைக்கு வந்ததிலிருந்து ஓடும் என்பது சரிதான். ஆனால் திருப்பும் உரிமையைப் பற்றி முறையாகத் தெரிவித்திருந்தால்தான் அந்தக் கணக்கு. தெரிவிக்காவிட்டால் அதற்கு மேல் இன்னும் 12 மாதம் கிடைக்கும். இவர்கள் அனுப்பிய எந்த மெயிலிலும் அந்த அறிவிப்பு இல்லை.

சந்தாவை ரத்து செய்கிற பட்டனும் தளத்தில் இல்லை. 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சேர்க்கிற சந்தாவுக்கு இணையத்திலேயே ரத்து பட்டன் கட்டாயம். அது இல்லாவிட்டால் எந்த நேரமும், முன்னறிவிப்பு இல்லாமல் ஒப்பந்தத்தை முறிக்கலாம். இதையெல்லாம் எனக்கு எடுத்துச் சொன்னது எங்கள் மாநில 'ஃபெர்ப்ராஹர்த்சென்ட்ராலெ', நுகர்வோர் மையம். கட்டணம் கொஞ்சம்தான், அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் போன பிறகு, அனுப்பாத மாதங்களுக்கான பணம் வந்தது. தேய்த்த புத்தகங்களுக்கு 'வவுச்சர்' தருகிறார்களாம்! அவர்கள் கடையிலேயே வாங்க! வேண்டாம் என்று எழுதிவிட்டேன், அந்தப் பணம் இன்னும் வரவில்லை. ஷூபர் என்னவோ போனது போனதுதான். தனியார் விற்பனைத் தளங்களில் அதற்கு இப்போது கேட்கிற விலையில் ஒரு முழுத் தொடரே வாங்கலாம்.

இப்போது என் பட்டியல் தெருமுனைப் புத்தகக் கடையில் இருக்கிறது, ஐ.எஸ்.பி.என் எண்ணோடு. லிப்ரி போன்ற மொத்த வியாபாரிகளின் கிடங்கில் இருந்தால் இன்று மாலை சொன்னது நாளை காலை கடைக்கு வந்துவிடும். வராத பாகத்தை முன்பதிவு செய்து வைக்கிறார்கள், முன்பணம் கேட்பதில்லை. விலை எப்படியும் ஒன்றுதானே! அச்சுப் பதிப்பு எத்தனையாவது என்று கடையிலேயே திறந்து பார்த்துவிட்டுக் காசு கொடுக்கிறேன். உறை போட்டு வருவதை மட்டும் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பிரிக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். அந்தக் கடை சில வாரங்களாக வேறு பெயரில் வேறு தளத்தில் தெரிகிறது. பச்சை லோகோ நீலமாகியிருக்கிறது, சந்தா வாசகம் வரிக்கு வரி அதே. தளத்தை நடத்துவது யார் என்று சொல்லும், தளத்தின் அடியில் இருக்கும் 'இம்ப்ரெஸும்' பக்கத்தில் முகவரியும் மாறவில்லை. எந்தக் கடையானாலும் பணம் கட்டும் முன் அந்த முகவரியை அப்படியே தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். நிறுவனமாகப் பதிவானதென்றால் 'ஹாண்டல்ஸ்ரெகிஸ்டர்' வணிகப் பதிவேட்டை 2022 ஆகஸ்ட்டிலிருந்து இலவசமாகவே பார்க்கலாம். பேபாலில் 'நண்பர்கள், குடும்பம்' வழியாக அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

ஏற்கெனவே கட்டியவர்கள் கவனிக்க: உங்கள் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ளும் செபா லாஸ்ட்ஷ்ரிஃப்ட் முறை என்றால், பணம் போன நாளிலிருந்து 8 வாரத்துக்குள் உங்கள் வங்கியில் சொல்லித் திரும்ப வாங்கிவிடலாம், காரணம் கூடச் சொல்ல வேண்டாம். நீங்களே வங்கிப் பரிமாற்றம் செய்திருந்தால் அந்த வழி இல்லை. பில், மெயில், புத்தக விளிம்பின் படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் கெடு வைத்து இந்த வாரமே எழுதுங்கள்.