பின் டைப்பா, புல்நோஸா? வீட்டு ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு எது

அப்பாவுக்கு வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைக்கச் சொன்னதும் காட்பாடியில் வாடகைக்கு விசாரித்தேன். கடைக்காரர் எடுத்ததும் கேட்டது, "பின் டைப்பா, புல்நோஸா?" திருதிருவென்று விழித்தேன். அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரை சிலிண்டர் வால்வில் மாட்டும் இரண்டு விதங்கள்தான் இவை. அப்புறம் இரண்டோடும் மாரடித்தாகிவிட்டது.

புல்நோஸில் வால்வின் வாய்க்குள் மரை இருக்கும், ரெகுலேட்டரின் மூக்கை அதில் விட்டு ஸ்பேனரால் முடுக்க வேண்டும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள பி டைப் சிலிண்டரை இப்படித்தான் எனக்குக் கொடுத்தார்கள். 150 பார் அழுத்தத்துக்கு நிரப்பியிருந்தால் சுமார் 1500 லிட்டர் ஆக்ஸிஜன், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். பிடிப்பு உறுதிதான், ஆனால் வெல்டிங் பட்டறை ஆக்ஸிஜன் ரெகுலேட்டரும் இதே மரையில் ஏறிவிடும், எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த ஒன்றை அவசரத்தில் யாராவது மாட்டினால் வால்வு தடுக்கப் போவதில்லை.

பின் டைப் அப்படியில்லை. வால்வில் இரண்டு துளை, அதைப் பிடிக்கும் ரெகுலேட்டர் கவ்வியில் இரண்டு முள். இவற்றின் இடங்களுக்கு எண் உண்டு, வாயுவுக்கு வாயு மாறும். ஆக்ஸிஜனுக்கு 2, 5 ஆம் இடங்கள், மயக்க மருந்துக்கான நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3, 5. வாயு மாறினால் கவ்வி உட்காரவே உட்காராது. கையாலேயே திருகி இறுக்கலாம், அம்மாவே மாற்றிவிடுவார்.

இதன் பலவீனம் வால்வுக்கும் கவ்விக்கும் நடுவிலிருக்கும் வாஷர். ஒரு நாள் ராத்திரி புது சிலிண்டரை மாட்டினால் உஸ்ஸென்று சத்தம், பார்த்தால் வாஷர் பழைய சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு கடைக்கே போய்விட்டிருக்கிறது. மறுநாள் வந்த பையன், "இனிமே ரெண்டா போட்டுடுங்க சார், லீக்கே ஆகாது" என்றான். அதுமட்டும் கூடவே கூடாது: தடிமன் கூடினால் முள் துளைக்குள் இறங்காது, எந்த வாயுவை வேண்டுமானாலும் மாட்டிவிடலாம் என்றாகிவிடும். டேப் சுற்றுவதும் வேண்டாம்.

எதுவானாலும் மாட்டுமுன் வால்வை முகத்துக்கு நேராக வைக்காமல் ஒரு நொடி திறந்து தூசியை ஊதவிடுங்கள். மாட்டியபின் மெதுவாகத் திறங்கள். சடாரென்று திறந்தால் உள்ளே வாயு அமுங்கிச் சூடேறும், துளி எண்ணெய் இருந்தாலும் பற்றிக்கொள்ளும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு தொடவே கூடாது, வெள்ளிக்கிழமை விளக்கும் வேறு அறையில்தான். வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் வைப்பதையும் மறந்துவிடுங்கள்.

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் எப்போதும் வீட்டில் இருப்பாரென்றால் புல்நோஸ் போதும். நான் ராணிப்பேட்டைக்கு ஷிஃப்ட் போகிறவன். எங்கள் வீட்டில் இப்போது பின் டைப்தான், உபரி வாஷர் இரண்டு அம்மாவின் சாவிக்கொத்தில் தொங்குகின்றன.