பங்குனியில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது: மாதவரமா, எண்ணூரா?

வசந்தத்தின் அடையாளங்களைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமா? சென்னையில் என் ஓட்டு மாதவரம் பால்பண்ணைப் பக்கத்துக்குத்தான். சாலையோர மரங்களே போதும். புங்கையில் பளபளவென்று இளம்பச்சைத் தளிர். அடியில் வெளிர் ஊதாப் பூக்கள் பொரி சிந்தியதுபோலக் கிடக்கும். அரசந்தளிர் செம்பு நிறத்தில் இருக்கும், வெயிலுக்கு எதிரே பிடித்தால் நரம்பெல்லாம் தெரியும். அப்புறம் வேப்பம்பூ வாசம், விடாமல் கூவும் குயில்.

எண்ணூர் கழிமுகத்து அலையாத்தி மரங்கள் வருஷம் முழுக்கப் பச்சைதான். அங்கே வசந்தம் என்பது உள்ளான் என்னும் கரைப்பறவைகள் வடக்கே கிளம்பும் நேரம். பார்க்க பைனாகுலரும் பொறுமையும் வேண்டும். பெரிய வகுப்புக்குச் சரி. சின்னதுகள் சேற்று நண்டைப் பார்த்தபடியே நின்றுவிடும் (அதுவும் நல்லதுதான்).

எங்கே போனாலும் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள்.